வகுப்பறைக்கு வெளியே இரண்டு மணி நேரம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆயுள் முழுவதும் தொடக்கப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியரின் பெயரால், அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து நிறுவிய அறக்கட்டளை இது. குழந்தைகளின் நலம் பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று எனக்குச் சுதந்திரம் தந்தார்கள். நான் குழந்தைகளுக்குக் கண் பார்க்கிற மருத்துவர். அதனால் கண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற பெற்றோர் முதலில் கேட்பது, "பவர் ஏறியிருக்கா டாக்டர்?" அடுத்தது, "செல்போன் பார்க்கிறதாலதானே?" மூன்றாவதாகக் கேரட், முருங்கைக்கீரை, கண்ணுக்கு டானிக் பற்றிய கேள்விகள் வரும். நியாயமான கவலைகள்தான். ஆனால், "என் பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெளியில் இருக்க வேண்டும்?" என்று எவரும் கேட்பதில்லை. கேட்கப்படாத அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

பிறந்த குழந்தையின் கண் முன்னும் பின்னுமாக ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வளர்ந்து முடிக்கும்போது 23, 24 மில்லிமீட்டர். இந்த வளர்ச்சி கண்மூடித்தனமானது அல்ல. உள்ளே விழுகிற பிம்பத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் தன் நீளத்தைத் தானே சரிசெய்துகொள்கிறது. சரியான இடத்தில் பிம்பம் விழத் தொடங்கியதும் வளர்ச்சி நின்றுவிட வேண்டும். சில குழந்தைகளுக்கு அது நிற்பதில்லை. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே இரண்டரை டயாப்டர் பவருள்ள கண்ணாடி தேவைப்படும். இதுதான் கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டால் கரும்பலகை தெரியும், உண்மை. ஆனால் நீண்ட கண் நீண்டதுதான், அதைச் சுருக்க எந்த மருந்தும் இல்லை. பவர் மிக அதிகமானால் பிற்காலத்தில் விழித்திரை விலகுவதற்கும், கண் நீர் அழுத்த நோய்க்கும், மையப் பார்வை கெடுவதற்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே கண்ணாடியோடு முடிந்துபோகிற விஷயமாக இதை நான் பார்ப்பதில்லை.

உலகம் போகிற போக்கைச் சொல்கிறேன். தென்கொரியாவின் சியோல் நகரில் ராணுவச் சேவைக்கான பரிசோதனைக்கு வந்த 19 வயது ஆண்களில் 96.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்ததாக 2012இல் வெளியான ஆய்வு சொன்னது. 2050க்குள் உலக மக்களில் பாதிப் பேருக்கு இது வந்துவிடும் என்று 2016இல் ஒரு கணிப்பு வெளியானது. நம் நாட்டில், தில்லிப் பள்ளிக் குழந்தைகள் ஏறக்குறைய பத்தாயிரம் பேரை எய்ம்ஸ் மருத்துவர்கள் பரிசோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில் 13.1 சதவீதம். கிழக்காசியா இருக்கும் நிலைக்கு நாம் இன்னும் போகவில்லை. போகாமல் தடுக்க நமக்கு அவகாசம் இருக்கிறது.

இது பரம்பரையா, படிப்பா என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. அந்த விவாதத்தையே திருப்பிப் போட்டது 2008இல் ஆஸ்திரேலியாவின் கேத்ரின் ரோஸ், இயன் மார்கன் குழுவினர் வெளியிட்ட ஓர் ஒப்பீடு. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் ஆறு, ஏழு வயதுச் சீன வம்சாவளிக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரே இனம். பெற்றோரிடம் கிட்டப்பார்வை இருந்த அளவும் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றே. சிங்கப்பூரில் 29.1 சதவீதக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3.3 சதவீதம். சிட்னிக் குழந்தைகள் குறைவாகப் படித்தார்களா என்றால், அதுவும் இல்லை. வாரத்தில் கூடுதலாகவே புத்தகம் படித்தார்கள். பெரிய வேறுபாடு ஒன்றே ஒன்றில்தான் இருந்தது. சிட்னிக் குழந்தைகள் வாரத்தில் 13.75 மணி நேரம் வீட்டுக்கும் வகுப்புக்கும் வெளியே இருந்தார்கள். சிங்கப்பூர்க் குழந்தைகள் 3.05 மணி நேரம்.

இங்கே இருக்கும் ஆசிரியர்கள் அந்த இரண்டு எண்களையும் தங்கள் வகுப்புப் பிள்ளைகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். காலையில் பள்ளி வேன், பிறகு வகுப்பறை, மீண்டும் வேன், டியூஷன், வீடு. வாரத்துக்கு மூன்று மணி நேரமாவது நம் நகரத்துப் பிள்ளைகள் திறந்த வானத்தின் கீழ் இருக்கிறார்களா?

சரி, வெளியே அனுப்பினால் உண்மையில் குறையுமா? அதையும் சோதித்துப் பார்த்தார்கள். தைவானின் காவ்சியுங் பகுதியில் அருகருகே இருந்த இரண்டு பள்ளிகளை வூ பெய்-சாங் என்ற கண் மருத்துவரின் குழு எடுத்துக்கொண்டது. ஒரு பள்ளியில் இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் எல்லாரையும் வகுப்பறையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். செய்தது அவ்வளவுதான். புதுக் கட்டடம் இல்லை, கருவி இல்லை, பாடவேளை எதையும் வெட்டவில்லை. ஓராண்டு கழித்து, அந்தப் பள்ளியில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 8.41 சதவீதம். வழக்கம்போல இருந்த பள்ளியில் 17.65 சதவீதம். ஏறக்குறைய பாதி! தைவான் அரசு 2010 முதல் நாள்தோறும் 120 நிமிடம் வெளியில் என்பதைப் பள்ளிகளின் இலக்காகவே வைத்தது. ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைவின் அளவு அதன் பிறகு இறங்கத் தொடங்கியது. சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டு மூன்றாண்டு கவனித்தார்கள். கூடுதல் நேரம் பெற்ற பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்றவற்றில் 39.5 சதவீதம் என்று 2015இல் முடிவு வெளியானது. ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்குப் பவர் ஏறுவதை இது எவ்வளவு தூரம் தடுக்கும் என்பதில் சான்று அத்தனை உறுதியாக இல்லை. வராமல் தடுப்பதில்தான் பலன் தெளிவாகத் தெரிகிறது. அதனால்தான் தொடக்கப்பள்ளி வயது முக்கியம் என்கிறேன்.

காரணம் பெரும்பாலும் வெளிச்சம். அதை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறோம். வகுப்பறையில் எல்லாக் குழல்விளக்கும் எரிந்தாலும் 300, 500 லக்ஸ் இருக்கும். வெளியே வந்தால் பத்தாயிரம். உச்சி வெயிலில் ஒரு லட்சம். கண்ணாடிச் சன்னல் போட்ட பெரிய அறை வெளிச்சமாகத் தெரிவது நம் கண் அதற்குப் பழகிக்கொள்வதால்தான். அளந்து பார்த்தால் உள்ளே இருப்பது வெளியே இருப்பதில் சிறு பங்கு. பிரகாசமான ஒளி படும்போது விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சுரக்கிறது. அதுதான் கண்ணுக்கு "வளர்ந்தது போதும்" என்று சொல்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். கோழிக்குஞ்சுகளிலும் குரங்குகளிலும் பிரகாச ஒளியின் இந்தக் காப்பைச் சோதனையில் கண்டிருக்கிறார்கள்.

உடனே எழும் கேள்வி எனக்குத் தெரியும். சிட்னி வெயில் வேறு, சித்திரை மாதத்துத் திருச்சி வெயில் வேறு. உண்மைதான். கோடையில் பதினோரு மணி முதல் மூன்று மணி வரை எந்தக் குழந்தையையும் வெயிலில் நிறுத்தக்கூடாது. ஆனால் கண்ணுக்கு வெயில் தேவையில்லை, வெளிச்சம்தான் தேவை. வேப்பமர நிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். தைவானில் பிறகு நடந்த ஆய்வு, ஆயிரம் லக்ஸுக்கு மேலான மிதமான ஒளியிலேயே போதிய நேரம் இருந்தால் பலன் உண்டு என்று காட்டியது. தொப்பி போட்டுக்கொண்டு விளையாடட்டும். நிழலில் உட்கார்ந்து படிக்கட்டும். காலை எட்டு மணியும் மாலை நாலரை மணியும் நம் ஊரில் பெரும்பாலான மாதங்களில் அருமையான நேரங்கள். மரம் இல்லாத பள்ளிக்கு மரம்தான் முதல் மருந்து. புங்கை, பூவரசு, வேம்பு மூன்றும் நம் மண்ணுக்குத் தோதானவை. இன்றைக்கு ஒன்றாம் வகுப்பில் சேர்கிற பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் நிழல் தந்துவிடும்.

வெயிலைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். "வெயில்ல நிக்காதே, கறுத்துப்போயிடுவே." இதை நம் வீடுகளில் பெண் குழந்தையிடம்தான் சொல்கிறோம். பையன் கறுத்தால் யாரும் கவலைப்படுவதில்லை. அந்த ஒரு வாக்கியம் எத்தனை பெண் பிள்ளைகளைத் தெருவிலிருந்து திண்ணைக்கும், திண்ணையிலிருந்து அடுப்படிக்கும் தள்ளியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. வயதுக்கு வந்த பிறகு மைதானம் பக்கமே விடாத வீடுகள் இன்றும் உண்டு. எலும்பு உறுதிப்படும் வயது அது. தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் சன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது. நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு அது உண்டாகக் கூடுதல் நேரம் வேண்டும். கறுப்பு நம் நிறம். அதற்காக ஒரு பெண் குழந்தையின் எலும்பையும் கண்ணையும் விலையாகக் கொடுக்கக்கூடாது.

இதுவரை சொன்னது கண்ணுக்கு. கண்ணுக்கு வெளிச்சம் இருந்தால் போதும், மொட்டைமாடிகூடச் சரிதான். ஆனால் குழந்தை கண் மட்டும் அல்லவே. மண்ணும் மரமும் பூச்சியும் அதற்கு வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்குக் கிடைத்திருக்கும் சான்றுகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. இருப்பதைச் சொல்கிறேன்.

பின்லாந்தில் சரளைக்கல் கொட்டிய பாலர் பள்ளி முற்றங்கள் சிலவற்றில் காட்டுத் தரையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து விரித்தார்கள். புல், பாசி, காட்டுச் செடி, அவற்றோடு ஒட்டிய மண். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் நாள்தோறும் அதில் தோண்டினார்கள், நட்டார்கள், உருண்டார்கள். 28 நாளில் அவர்களுடைய தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை பெருகியது. இரத்தத்தில் நோய் எதிர்ப்பைச் சமன்படுத்தும் அணுக்கள் கூடின. 2020இல் வெளியான இந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 75 குழந்தைகள்தான். சின்ன ஆய்வு. ஆனாலும் "மண்ணில் கை வைக்காதே" என்று பிள்ளையை அதட்டுவதற்கு முன் நம்மை யோசிக்க வைக்க அது போதும். பார்சிலோனாவில் 36 பள்ளிகளின் 2,593 குழந்தைகளை ஓராண்டு கவனித்ததில், பள்ளியைச் சுற்றிப் பசுமை கூடுதலாக இருந்த இடங்களில் நினைவாற்றலும் கவனமும் வேகமாக வளர்ந்தன. வண்டிப் புகை குறைவாக இருந்ததும் அதில் ஒரு பங்கு. டென்மார்க்கில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளைப் பார்த்தபோது, பசுமை மிகக் குறைந்த சூழலில் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனநோய்கள் வரும் வாய்ப்பு 55 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. குடும்ப வருமானம், பெற்றோரின் மனநோய் வரலாறு ஆகியவற்றைக் கழித்த பிறகும் தொடர்பு நின்றது. ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஒரு தகப்பனாக இருந்தால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காடு இல்லையே, நாங்கள் அடுக்குமாடியில் இருக்கிறோமே என்று சொல்வீர்கள். ஒரு தொட்டிக் கறிவேப்பிலைச் செடி போதும். நல்ல துளிர் விட்டிருக்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள். வெளிர் மஞ்சளில், கடுகளவு உருண்டையாக ஒரு முட்டை ஒட்டியிருக்கும். சில நாளில் அதிலிருந்து வரும் புழு கருப்பும் வெள்ளையுமாக, பார்த்தால் பறவை எச்சம் போலவே இருக்கும். எச்சத்தை எந்தப் பறவையும் கொத்தாது. தின்று தின்று பெருத்துத் தோல் உரித்த பிறகு, ஒரு நாள் அதே புழு இலைப் பச்சையாக மாறியிருக்கும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும். காரமான வாடை அடிக்கும். பிறகு ஒரு தண்டில் இடுப்புக்கு நூல் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்துவிடும். எல்லாம் சேர்த்து மூன்று நான்கு வாரம். ஒரு காலை வேளையில் கூடு வெடித்து, ஈரமாகச் சுருங்கிய சிறகோடு வண்ணத்துப்பூச்சி வெளியே வந்து, சிறகு விரிந்து காயும் வரை தொங்கிக்கொண்டிருக்கும். அதை அவசரப்படுத்த முடியாது. தள்ளிவிட்டு அடுத்த காட்சிக்குப் போகவும் முடியாது. ஒரு மாதம் தினமும் அந்தச் செடியிடம் போய் நிற்கிற குழந்தைக்குக் காத்திருக்கத் தெரிந்துவிடும். குழம்பில் போட நான்கு இலை குறைந்தால் பரவாயில்லை, அந்தச் செடிக்கு மருந்து அடித்துவிடாதீர்கள்.

இயற்கையிடமே கற்கும் இந்த வழியை நமக்குக் காட்டியவர்களில் ஒருவர் நம் மண்ணிலேயே வாழ்ந்திருக்கிறார். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தச் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டு, இத்தாலியர் என்பதால் திரும்பிப் போக முடியாமல் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். எழுபதைத் தாண்டிய வயது. அங்கே வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து, சுற்றியிருந்த மலையையே பாடமாக்கினார். செடிகளைத் தொகுத்தார்கள், சிற்றுயிர்களை வளர்த்துப் பார்த்தார்கள், ஓர் உயிர் மற்றொன்றோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்று கேட்டுக் கேட்டு அறிந்தார்கள். இன்று உலகமெங்கும் மாண்டிசோரி தொடக்கப்பள்ளிகளில் பின்பற்றப்படும் பிரபஞ்சக் கல்வி என்னும் முறை முழு உருப்பெற்றது அந்தக் கொடைக்கானல் ஆண்டுகளில்தான். அவர் பெயரைப் பலகையில் எழுதிவிட்டுக் குளிரூட்டிய அறையில் குழந்தைகளைப் பூட்டிவைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

பெற்றோரின் பயங்கள் எனக்குப் புரிகின்றன. லாரி, தெருநாய், முகம் தெரியாத ஆள். எதுவும் கற்பனை இல்லை. அதற்குப் பதில் குழந்தையை உள்ளே வைப்பதல்ல, நாலு பெரியவர்கள் வெளியே வருவது. முன்பு தெருவில் பிள்ளைகள் கிட்டிப்புள்ளும் பம்பரமும் பாண்டியும் ஆடியபோது திண்ணையில் ஒரு பாட்டியாவது உட்கார்ந்திருப்பார். யார் வீட்டுப் பிள்ளை விழுந்தாலும் தூக்குவார். முழங்கால் சிராய்ப்புக்குப் பயப்பட வேண்டாம். மரம் ஏறுகிற பிள்ளைக்கு எந்தக் கிளை தாங்கும் என்று கை சொல்லிவிடும். அந்த அறிவைப் பெரியவர்களாகிய நாம் வாயால் சொல்லித் தர முடியாது.

ஆனால் பெற்றோரின் தலையில் மட்டும் இதைக் கட்டுவது நியாயமில்லை. வசதி உள்ளவர் வார விடுமுறையில் ஏற்காட்டுக்கோ வால்பாறைக்கோ அழைத்துப் போவார். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற, ஒற்றை அறை வாடகை வீட்டுக் குடும்பம் என்ன செய்யும்? அதனால்தான் நான் பள்ளியைக் கேட்கிறேன். எல்லாக் குழந்தையும் வந்து சேரும் ஒரே இடம் அது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. விளையாடுவதும் ஓய்வும் குழந்தையின் உரிமை என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1992இல் இணைந்தது. மைதானம் இல்லாத பள்ளியை மூடச் சொல்லலாம் என்ற அளவுக்குக் கேரள உயர் நீதிமன்றம் 2024இல் பேசியது. சட்டத்துக்குக் குறைவில்லை. மைதானம் இருக்கிற பள்ளியிலும் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். பத்து நிமிட இடைவேளை கழிவறை வரிசையிலேயே தீர்ந்துபோகிறது. பேசினால் தண்டனை என்று இடைவேளையைப் பிடுங்குகிற வழக்கமும் இருக்கிறது.

நம் மாநிலத்துக்கு ஒரு பெருமை உண்டு. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நெடுநாளுக்கு முன்பே கண்டுகொண்ட மண் இது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுத்தது. 1956இல் காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்தார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார், 2022இல் காலை உணவும் வந்தது. ஒவ்வொரு முறையும் "பள்ளிக்கூடத்தின் வேலை சோறு போடுவதா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இன்று அப்படிக் கேட்க யாருக்கும் வாய் வராது. வெளி நேரத்தையும் அதே வரிசையில் வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அதற்கு அரிசி வேண்டாம், அடுப்பு வேண்டாம், கால அட்டவணையில் இடம் மட்டும் வேண்டும்.

நாளுக்கு இரண்டு மணி நேரம். காலை வழிபாட்டுக்கு முன் கொஞ்சம், இரண்டு இடைவேளை, மதிய உணவு மர நிழலில், ஒரு பாடவேளை வெளியில், மாலையில் அரைமணி. கூட்டிப் பாருங்கள், வந்துவிடும். தமிழ்ச் செய்யுளை மரத்தடியில் நடத்தினால் அர்த்தம் குறையாது. பரப்பளவை மைதானத்தை அளந்தே சொல்லித் தரலாம்.

உள்ளாட்சி உறுப்பினர்கள் இங்கே இருக்கிறீர்கள். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பூட்டிக்கிடக்கும் பள்ளி மைதானங்களை அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, காவலோடு திறந்துவிட ஏற்பாடு செய்யுங்கள். பெற்றோர்களே, டியூஷனை அரைமணி தள்ளி வையுங்கள். தலைமையாசிரியர்களே, இடைவேளையைப் பிடுங்கும் தண்டனையை உங்கள் பள்ளியில் இந்த வாரமே நிறுத்துங்கள். நாளைக் காலை இடைவேளை மணி அடிக்கும்போது ஒரு பிள்ளைகூட வகுப்பறைக்குள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் அவர்களோடு வெளியே வாருங்கள்.